தேகு டீச்சர் பதில்கள்

(திருச்சியில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே பெற்றோருடன் டொராண்டோ போய், அங்கேயே பட்டம் வாங்கியவர். இப்போது தென்கொரியாவின் தேகு நகரத்தில் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறார். "பெயர் வேண்டாம், தேகு டீச்சர் என்று போட்டால் போதும்" என்றார். போன இதழில் அவருக்குக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்தவற்றில் சில இங்கே.)

கொரியத் தொடர்களில் காட்டுகிற மாதிரிதான் பள்ளிக்கூடம் இருக்குமா டீச்சர்? எல்லோரும் மொட்டை மாடியில் போய் நின்று அழுகிறார்கள், பணக்காரப் பையன் பெரிய காரில் வந்து இறங்குகிறான்...
- தென்காசி வாசகி

மொட்டை மாடிக் கதவைப் பெரும்பாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள் அம்மா, அழ வேண்டுமென்றால் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். பணக்காரப் பையன் இருக்கலாம், ஆனால் நான் இருப்பது சாதாரண அரசுப் பள்ளி, அங்கே பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வருகிறார்கள்.

தொடரில் காட்டாத சின்னச் சின்ன விஷயங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வாசலிலேயே வெளிச் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போடுவதற்கென்று வைத்திருக்கும் ரப்பர் செருப்புக்கு மாற வேண்டும். தலைமையாசிரியரும் இதற்கு விதிவிலக்கில்லை, கோட்டு, டை, கீழே நீல ரப்பர் செருப்பு என்று அவர் நடந்து வருவது எனக்கு இன்னும் அலுக்காத காட்சி. மதியச் சாப்பாடு முடிந்ததும் பலர் பல் துலக்குவார்கள், வாயில் பிரஷ்ஷோடு தாழ்வாரத்தில் நடந்தபடியே அடுத்த வகுப்பைப் பற்றி என்னிடம் பேசுகிற ஆசிரியர்கள் உண்டு. அப்புறம் துப்புரவு நேரம், வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். குளிர் மைனஸில் இருக்கும்போதும் காற்று மாற வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து போடுவார்கள், நான் கோட்டைக் கழற்றுவதே இல்லை.

சண்டை வந்தால் கல், காகிதம், கத்தரி என்ற கை விளையாட்டுத்தான். யார் முதலில் பேசுவது, மிச்சமிருக்கும் கடைசி ஐஸ்கிரீம் யாருக்கு, யார் குப்பை கொட்டுவது, எல்லாம் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். தோற்றவன் முனகுவானே தவிர மறுபடி கேட்க மாட்டான்.

வாரத்தில் ஒரு நாள் குன்விப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்குப் போகிறேன். 2023 ஜூலையில் தேகுவோடு சேர்க்கப்பட்ட கிராமப்புற வட்டாரம் அது. ஒரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள்தான். கட்டடம் பெரியது, விளையாட்டு மைதானம் பெரியது, ஓடுவதற்குத்தான் ஆள் இல்லை. கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023-ல் 0.72, ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது அந்த வகுப்பறையில்தான்.

பிளஸ் டூ மாதிரியான பரீட்சை நாளில் கொரியாவில் விமானத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று ரீல்ஸில் பார்த்தேன். நிஜமா, கதையா? நானும் இந்த வருஷம் பிளஸ் டூ.
- தேனி மாணவி

நிஜம்தான் மா. சுனுங் என்று பெயர், கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு. நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, காலை 8.40-க்குத் தொடங்கிச் சாயங்காலம் வரை, எல்லாப் பாடமும் ஒரே நாளில். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். மதியம் ஆங்கிலத் தாளில் காதால் கேட்டு எழுதும் பகுதி ஒன்று உண்டு, அந்த 35 நிமிடம் நாடு முழுவதும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏற்கெனவே வானத்தில் இருப்பவை மேலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்றைக்குச் சாலை நெரிசல் இருக்கக் கூடாது என்று அரசு அலுவலகங்கள் பத்து மணிக்குத்தான் திறக்கும், பங்குச்சந்தைகூட ஒரு மணி நேரம் தள்ளித்தான். நேரமாகிவிட்ட பிள்ளையை போலீஸ்காரர் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது.

ரீல்ஸில் வராத ஒன்று சொல்கிறேன். தேகுவை ஒட்டிப் பல்கோங்சான் என்று ஒரு மலை. அதன் ஒரு சிகரத்தில், சுமார் 850 மீட்டர் உயரத்தில், சில்லா அரசர் காலத்துக் கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். தலைமேல் தட்டையான ஒரு கல், பார்த்தால் பட்டமளிப்பு விழாத் தொப்பியேதான். கட்பாவி என்பார்கள். மனதார வேண்டினால் ஒரே ஒரு வேண்டுதலை நிறைவேற்றுவார் என்று நம்பிக்கை, அதனால் சுனுங்குக்கு நூறு நாள் இருக்கும்போதே அம்மாக்களின் கூட்டம் தொடங்கிவிடும். படி ஏறி முழங்கால் போய்விடுகிறது, மேலே போனால் பாய் விரித்து நூற்றுக்கணக்கில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளையின் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு. என்னோடு வேலை செய்யும் ஒரு டீச்சர் தன் மகளுக்காகப் போனபோது நானும் கூடப் போனேன். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று இறங்கும்போது கேட்டேன். மார்க்கெல்லாம் கேட்கவில்லை, அன்றைக்கு அவளுக்கு வயிறு சரியாக இருந்தால் போதும் என்று கேட்டேன் என்றார்.

தேர்வுக்கு முன்னால் ஒட்டுகிற தின்பண்டம் கொடுப்பார்கள், அரிசி மிட்டாய், பசையரிசிக் கொழுக்கட்டை மாதிரி. பிள்ளை கல்லூரியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கடற்பாசி சூப் கொடுக்கவே மாட்டார்கள், வழுக்கும். நீங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் நன்றாக எழுதுங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சதா செல்போன். கொரியப் பிள்ளைகளின் ஒழுக்கம், உழைப்பு பற்றி விரிவாக எழுதுங்கள். என் மகனிடம் படித்துக் காட்ட வேண்டும்.
- கோவை, ஒரு தந்தை

சார், விரிவாகவே எழுதுகிறேன், ஆனால் மகனிடம் படித்துக் காட்ட வேண்டாம், நீங்கள் மட்டும் படியுங்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண். இரண்டரை மூன்று மணிக்குப் பள்ளி முடிகிறது. வாசலில் மஞ்சள் வேன்கள் வரிசையாக நிற்கும், பள்ளி வேன் என்று நினைப்பீர்கள், அவை ஹாக்வோன் வேன்கள். ஹாக்வோன் என்றால் தனியார் பயிற்சி நிலையம், நம் டியூஷன் சென்டர்தான், ஆனால் ஒரு தெருவில் ஐம்பது இருக்கும், ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒன்று இருக்கும். முதலில் கணக்கு, அப்புறம் ஆங்கிலம், சில நாள் பியானோ அல்லது தேக்வாண்டோ. நடுவில் ராத்திரிச் சாப்பாடு என்பது மூலைக்கடையில் நின்றபடி ஒரு கப் நூடுல்ஸும் கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோறும். வீட்டுக்குப் போய் ஹாக்வோன் வீட்டுப்பாடம். பள்ளி வீட்டுப்பாடம் நாங்கள் கொடுப்பதே குறைவு, கொடுத்தாலும் எந்த நேரத்தில் செய்வாள்? மறுநாள் என் வகுப்பில் தலை மெல்ல மெல்ல மேசைக்கு இறங்கும். பக்கத்தில் போய்த் தட்டி எழுப்ப எனக்கு மனசு வருவதில்லை, கூட இருக்கும் கொரிய ஆசிரியருக்கும் வருவதில்லை.

தேகுவில் சூசோங் என்று ஒரு பகுதி, பயிற்சி நிலையங்களுக்குப் பேர்போனது, அதற்காகவே அங்கே வீட்டு விலையும் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். பெற்றோரின் கார்கள் இரட்டை வரிசையில் விளக்கு எரியவிட்டு நிற்கும், கட்டடங்களிலிருந்து பிள்ளைகள் கொத்துக் கொத்தாக இறங்கி வருவார்கள். ஏன் சரியாகப் பத்து? பத்துக்கு மேல் ஹாக்வோன் நடத்தக் கூடாது என்று சியோலிலும் தேகுவிலும் வேறு சில இடங்களிலும் விதி இருக்கிறது. பிள்ளைகள் படிக்கும் நேரத்துக்குத் தடை போடலாமா என்று வழக்கே நடந்து, தடை செல்லும் என்று 2009-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. சரி, பத்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்களா என்றால், பெரிய பிள்ளைகள் காசு கொடுத்து உட்கார்ந்து படிக்கும் கூடங்களுக்குப் போகிறார்கள். அது ஹாக்வோன் இல்லை, அதனால் விதிக்குள் வராது.

இதை ஒழிக்கப் பார்க்காத அரசாங்கம் கிடையாது. 1980-ல் ராணுவ ஆட்சி தனியார் டியூஷனையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. ஒளிந்து ஒளிந்து நடந்தது. 2000-ல் அந்தத் தடையே அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிமன்றம் தூக்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு மட்டும் போட்டியைக் குறைக்கலாம் என்று 2017 சுனுங்கிலிருந்து, 90-ம் அதற்கு மேலும் யார் எடுத்தாலும் முதல் தரம் என்று மாற்றினார்கள். ஆங்கில ஹாக்வோன் குறைந்தாற்போல எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டால் அப்புறம் கணக்குக்கு நேரம் கிடைக்கும் என்று இப்போது இன்னும் சின்ன வயதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பேர்போன ஆங்கில ஹாக்வோனில் இடம் பிடிக்க, பள்ளியில் சேரும் முன்பே நுழைவுத் தேர்வு எழுதும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அரசே எடுத்த கணக்குப்படி 2024-ல் நூற்றுக்கு 80 பிள்ளைகள் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள், மொத்தச் செலவு 29 லட்சம் கோடி வோன். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக மாதம் 4,74,000 வோன், நம் காசில் சுமார் 28,000 ரூபாய். போகாத பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி இது.

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஹாக்வோனை மனசார வெறுக்கும் ஒரு அம்மா என்னிடம் சொன்னார், இவனை மட்டும் அனுப்பாமல் வைத்தால் சாயங்காலம் விளையாட மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை, சிநேகிதம் வேண்டுமென்றாலே ஹாக்வோனுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்து இதை ஒழுக்கம் என்று மெச்சுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீட் கோச்சிங் வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள், கொரியா வரைக்கும் வர வேண்டாம்.

செல்போனும் இங்கே அதே கதைதான். வகுப்பு நேரத்தில் கூடாது என்று 2025 ஆகஸ்டில் சட்டமே போட்டார்கள், 2026 மார்ச் முதல் அமல் என்று. ஒழுக்கம் தானாக வந்திருந்தால் சட்டம் எதற்கு?

மகள் வீட்டுக்குக் கொரியா வருகிறேன். சுத்த சைவம். உயிரோடு திரும்புவேனா?
- கும்பகோணம், ஒரு பாட்டி

திரும்புவீர்கள் பாட்டி, கொஞ்சம் இளைத்திருப்பீர்கள். கிம்சி என்ற முட்டைகோஸ் ஊறுகாயில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ போட்டிருப்பார்கள், சூப்புக்கு அடிப்படை நெத்திலி, காய்கறிச் சோறு என்று கேட்டால் மேலே முட்டை. இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாலும் கொத்திய பன்றிக்கறி கொஞ்சம் வரும், அவ்வளவு சின்னதாக இருந்தால் அவர்கள் கணக்கில் அது இறைச்சியே இல்லை. உங்களுக்குச் சரியான இடம் புத்த மடத்துச் சாப்பாடு. பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள், அமாவாசைக்கே சாப்பிடலாம்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசம், உலோகத் தட்டில் சோறு, சூப், கிம்சி, இரண்டு மூன்று தொடுகறி. மாதப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் எண்கள் போட்டிருப்பார்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக. 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு என்று நாடு முழுக்க ஒரே கணக்கு. மொழி தெரியாமல் வந்து சேர்ந்த நாளில் என்னைக் காப்பாற்றியது அந்த எண்கள்தான். மகளின் பிள்ளை பள்ளிக்குப் போகிறதென்றால் அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெத்திலிக்கு மட்டும் எண் இல்லை, அதுதான் சிக்கல்.

நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
- சேலம் வாசகர்

ஒதுக்குவார்கள். எல்லோரும் இல்லை, எப்போதும் இல்லை, ஆனால் நடக்கிறது.

வேலை விளம்பரத்திலேயே தொடங்கிவிடும். ஆங்கில ஹாக்வோன்கள் பல விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும், எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நிலையம் தொலைபேசியில் அரை மணி நேரம் என்னோடு பேசி, என் ஆங்கிலம் அருமை என்று சொல்லி, படம் அனுப்பியதும், பெற்றோர் வேறு மாதிரி எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதியது. அரசுப் பள்ளித் திட்டத்தில் அந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை சில நாள் கடைசி வரை காலியாகவே வரும். குழந்தைகளிடம் இது வேறு மாதிரி. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, உள்ளங்கை மட்டும் ஏன் வெள்ளை என்று நேராகக் கேட்பார்கள், பதில் சொன்னால் சரி என்று விளையாடப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிப்பதே இல்லை.

வலித்தது வேறொன்று. தேகுவில் சோங்சோ என்று பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கும் அரசுத் திட்டம் ஒன்று 2004-ல் தொடங்கியது, அதில் இலங்கை ஆரம்பத்திலிருந்தே உண்டு, இந்தியா இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் தமிழ் கேட்கும், சிங்களமும் கேட்கும். அங்கே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் என்னிடம், எந்தத் தொழிற்சாலை என்று கேட்டார், நம் ஊரில் வா போ என்பார்களே அந்த மாதிரி மொழியில். பள்ளியில் ஆசிரியர் என்றேன். அந்த வாக்கியத்தின் பாதியிலேயே அவர் பேச்சு மாறியது, வினைச்சொல்லெல்லாம் மரியாதைக்குப் போய்விட்டது, எழுந்து இடம்கூடக் கொடுத்தார். முகம் அதே முகம்தானே. கூட நின்ற மட்டக்களப்புப் பையன் சிரித்தான். உலோக அச்சுத் தொழிற்சாலையில் வேலை, அங்கே ஒரு விரலின் நுனியை விட்டிருக்கிறான். "அக்கா, உங்களுக்கு அந்த ஒரு வார்த்தை இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?" என்றான்.

பாகுபாட்டைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் கொண்டுவர 2007-லிருந்து நாடாளுமன்றத்தில் முயற்சி நடக்கிறது, நிறைவேறின பாடில்லை. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் வீட்டு மணமகள் விளம்பரத்தில் என்ன நிறம் கேட்கிறோம் என்று பார்த்துவிட்டுக் கொரியாக்காரரைத் திட்டலாம்.

கொரியாவில் பிறந்த உடனே ஒரு வயதாமே?
- விருதுநகர் வாசகர்

இருந்தது. பிறந்ததும் ஒன்று, அப்புறம் ஜனவரி 1 வந்தால் எல்லோருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலகக் கணக்குதான். ஆனால் பிள்ளைகள் என் வயதைக் கேட்கும்போது, இது பழைய கணக்கா புதிய கணக்கா என்று உடனே அடுத்த கேள்வி வரும். வயது தெரியாவிட்டால் யாரை எப்படி அழைப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது, அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள், கோபப்படக் கூடாது.

தெருவில் குப்பைத்தொட்டியே இல்லை, ஆனால் குப்பையும் இல்லை என்கிறார்களே. எப்படி?
- சென்னை, ஒரு மாநகராட்சி ஊழியர்

குப்பையும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி மதுக்கடைத் தெருவுக்கு வந்து பாருங்கள். ஆனால் முறை நன்றாகவே நடக்கிறது. 1995-லிருந்து, குப்பைக்கு அந்தந்த வட்டாரத்தின் பையைக் காசு கொடுத்து வாங்கித்தான் போட வேண்டும். நிறையக் குப்பை போட்டால் நிறையப் பை, நிறையக் காசு. மறுசுழற்சிக்கான பாட்டில், காகிதம், டப்பாவுக்குக் காசு கிடையாது, ஆனால் கழுவி, பாட்டிலின் மேலட்டையை உரித்துப் பிரித்து வைக்க வேண்டும். உணவுக் கழிவு தனி. பல அடுக்குமாடிகளில் அதற்கான தொட்டியில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், உள்ளே போட்டதும் எடை பார்த்து உங்கள் வீட்டுக் கணக்கில் ஏற்றிவிடும்.

இதில் எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள்தான் காவல்துறை. மிருகம் தின்னக் கூடியதுதான் உணவுக் கழிவு, எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோலெல்லாம் சாதாரணக் குப்பைப் பையில் போக வேண்டும். என் பையை ஒருத்தி திறந்து பார்த்து, தேங்காய் ஓட்டை வெளியே எடுத்து, இது என்ன என்று விசாரணை நடத்தினாள். பிள்ளைகளுக்கு இது பள்ளியிலேயே பழகிவிடுகிறது. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் தரும் இடத்தில் மிச்சத்தைத் தாங்களே ஒரே வாளியில் வழித்துவிட்டுத்தான் வருவார்கள், அங்கே எவ்வளவு வீணாகிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும்.

ஆசிரியரின் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது என்பது கொரியப் பழமொழி என்று படித்தேன். இன்றும் அப்படித்தானா?
- தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஐயா, பழமொழி இருக்கிறது. இடுப்பு வளைத்து வணக்கம் சொல்வதும், எதையும் இரண்டு கையால் வாங்குவதும் இருக்கின்றன. மே 15 ஆசிரியர் தினம், மன்னர் செஜோங்கின் பிறந்தநாளை ஒட்டி வைத்தது. ஆனால் அன்றைக்கு வகுப்பாசிரியர் ஒரு மாணவனிடமிருந்து ஒரு டப்பாக் காபிகூட வாங்க முடியாது. 2016 செப்டம்பரில் வந்த ஊழல் தடுப்புச் சட்டம் அவ்வளவு கறார், மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் பூக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் உறைகளில் பணம் கைமாறிய ஊர் என்பதால் எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. தர்மசங்கடமே வேண்டாம் என்று அன்றைக்கு விடுமுறை விட்டுவிடுகிற பள்ளிகளும் உண்டு.

நிழல் விஷயம் வேறு. பிரம்படி இங்கே 2010 வாக்கில் ஒவ்வொரு பகுதியாகத் தடை செய்யப்பட்டது, ரொம்ப சரி. ஆனால் அதற்கப்புறம், பிள்ளையைக் கொஞ்சம் குரலுயர்த்திக் கண்டித்தாலே குழந்தைக் கொடுமை என்று புகார் கொடுக்கும் பெற்றோர் பெருகினார்கள். 2023 ஜூலையில் சியோலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் பள்ளிக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்கள் கறுப்புடை உடுத்திப் பல்லாயிரக்கணக்கில் சியோலில் கூடினார்கள். செப்டம்பர் 4 அன்று பள்ளிகளில் விடுப்புப் போட்டுவிட்டே போனார்கள், ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று அமைச்சகம் எச்சரித்தும். அந்த மாதமே, ஆசிரியர் முறையாகக் கண்டிப்பதைக் கொடுமையாகக் கருதக் கூடாது என்று சட்டங்கள் திருத்தப்பட்டன. எங்கள் ஆசிரியர் அறையில் அந்த வாரங்களில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வெளிநாட்டு ஆசிரியரான எனக்குப் பெற்றோர் தொலைபேசி வராது, எல்லாம் என் சக ஆசிரியருக்குத்தான் போகும், ராத்திரி பதினொரு மணிக்கும். ஒரே வகுப்பில் நிற்கிறோம், சம்பளத்தைத் தவிர எதிலும் எங்கள் இருவர் வேலையும் ஒன்றல்ல.

பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்திருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே டீச்சர் வேலை கிடைக்குமா? ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார்.
- நாகர்கோவில் வாசகி

முதலில் ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு இ-2 என்று பெயர். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அது பொதுவாகத் திறந்திருக்கிறது. நான் வந்தது கனடாப் பாஸ்போர்ட்டில், 1995-லிருந்து நடக்கும் எபிக் என்ற அரசுத் திட்டத்தில். பட்டச் சான்றிதழும் காவல்துறைச் சான்றும் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரையோடு வேண்டும், இங்கே வந்ததும் மருத்துவப் பரிசோதனை, போதை மருந்துப் பரிசோதனை உட்பட. ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒன்று, ஒரு அறை வீடு கொடுப்பார்கள்.

இந்தியர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதன்படி ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக வரலாம். உங்கள் படிப்பு அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த வழியில் வந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை, எனவே ஆசை வளர்க்கும் முன் சென்னையில் உள்ள கொரியத் துணைத் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள். மேற்படிப்பு என்றால் குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப் என்ற அரசு உதவித்தொகை நல்லது, விமானச் செலவு, கல்விக் கட்டணம், ஒரு வருஷ மொழிப் பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கொரிய ராணி தமிழச்சியாமே? கொரிய மொழியும் தமிழிலிருந்துதான் வந்ததாமே?
- இருபதுக்கு மேற்பட்ட வாசகர்கள்

கடல் கடந்து ஆயுதா என்ற நாட்டிலிருந்து வந்து கொரியாவின் சூரோ மன்னனை மணந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் கதை, 13-ஆம் நூற்றாண்டுச் சம்குக் யூசா என்ற நூலில் இருக்கிறது. கிம்ஹே நகரத்தில் அவர் பெயரால் கல்லறையும் இருக்கிறது. ஆயுதா அயோத்தி என்று சிலர், தமிழ்நாடு என்று சிலர், நிரூபித்தவர் யாருமில்லை. கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூலுக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு வருஷம். மொழி உறவை ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே புத்தகமாக எழுதிப் பார்த்தார், இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், அப்படியானால் பரீட்சையில் வருமா என்று கேட்கிறார்கள்.

மகன் தேகுவுக்கு எம்.எஸ். படிக்க வருகிறான். பெட்டியில் என்ன கொடுத்துவிடலாம்?
- வேலூர், ஒரு தாய்

குக்கர் கொடுத்துவிடுங்கள், வெயிட்டோடு, கூடவே ஒரு ரப்பர் வளையம் உபரியாக. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அரிசிக்குக் கவலையில்லை, உள்ளூர் அரிசி குழையும், பாசுமதி வெளிநாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது, சோங்சோ பக்கம் மலிவு. கம்பளி அதிகம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், இங்கே வந்து வாங்குவதுதான் இந்தக் குளிருக்குத் தாங்கும். வீட்டுக்குள் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும், தரையில் படுத்தால் சுகம், எரிவாயு பில்தான் சுடும். கோடையைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள். மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர், 1942-லேயே 40 டிகிரி தொட்டது, வேலூர்ப் பையனுக்கு அது ஒன்றும் புதிதாக இருக்காது, ஆனால் கொரியா என்றால் பனி மட்டும்தான் என்று நினைத்து வந்து இறங்கிவிடப் போகிறான்.